வாசல் கதவு மாற்றும்போது நிலையின் அடியைப் பாருங்கள்

வாசல் கதவு மாற்றப் போகிறோம் என்று சொன்னால் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "என்ன மரம்?" என்பதுதான். பர்மா தேக்கா, நிலம்பூர் தேக்கா, கன அடி என்ன விலை, லட்சுமி செதுக்கியதா என்று பேச்சு வளரும். கடலூரில் கடலுக்கு அருகே இருக்கும் எங்கள் வீட்டின் தலைவாசலை மாற்றி, ஒரு மழைக்காலத்தையும் பார்த்தபிறகு சொல்கிறேன்: முதலில் கேட்க வேண்டியது நிலையைப் பற்றி, அதாவது சுவரில் பதிந்து கதவைத் தாங்கும் மரச்சட்டத்தைப் பற்றி. அதிலும் தரையைத் தொடும் அந்த அரை அடியைப் பற்றி.

வீடு 1980களில் மாமனார் கட்டியது. கிழக்குப் பார்த்த வாசல். எங்கள் ஊரில் கிழக்கு வாசலுக்கு இரட்டைச் சோதனை உண்டு. காலை வெயில் நேராகக் கதவில் விழும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் அதே திசையிலிருந்துதான் சாய்ந்து அடிக்கும். உப்புக் காற்று ஆண்டு முழுவதும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது தெருவில் மரங்கள் வேரோடு சாய்ந்தன. எங்கள் கதவு அசையவில்லை. அப்படிப்பட்ட கதவு, சில ஆண்டுகளாகப் பூட்டு முனையில் தரையைத் தேய்க்கத் தொடங்கியிருந்தது. பார்க்க வந்த ஆசாரி கதவைத் தொடவே இல்லை. குனிந்து உட்கார்ந்து, கீல் பக்க நிலைக்காலில் விரலால் தட்டிக்கொண்டே கீழே வந்தார். மேலே கெட்டியாகக் கேட்ட ஓசை கீழே வர வர மாறியது. ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினார். கைப்பிடி வரை உள்ளே இறங்கிவிட்டது. வெளியே பெயிண்டு மட்டும் மரத்தின் உருவத்தைத் தாங்கிக்கொண்டு நின்றிருந்தது. உள்ளே கரையான் மண்.

"கதவுக்கு ஒன்றும் இல்லை அம்மா. கால்தான் போய்விட்டது" என்றார்.

கதவு தேய்கிறது என்றால் உடனே கீழ் விளிம்பை இழைத்துவிடச் சொல்பவர்கள் அதிகம். அதற்குமுன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். ஒரு கூரான கருவி, உங்கள் விரல், ஐந்து நிமிடம் போதும். பெயிண்டு தடிமனாக இருக்கும் பழைய நிலைகளில் கண்ணால் பார்த்து எதையும் சொல்ல முடியாது.

ஏன் கால் மட்டும் போனது? இதைத்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நம் வீடுகள் பெரும்பாலானவற்றில் இதே கதைதான். தினமும் விடியற்காலையில் வாசல் தெளிக்கிறோம், கோலம் போடுகிறோம். வெள்ளிக்கிழமை படியைக் கழுவி மஞ்சள் பூசுகிறோம். அந்தத் தண்ணீர் வழிந்தோட வழி இருந்தவரை நிலை பிழைத்தது. பிறகு ஒரு சமயம் பழைய சிமெண்டுத் தரையின் மேலேயே டைல்ஸ் ஒட்டினோம். தரை உயர்ந்தது, நிலையின் அடி டைல்ஸுக்கும் சிமெண்டுக்கும் நடுவே புதைந்தது. அதன்பின் ஒவ்வொரு நாளும் படியோரம் தேங்கிய நீரை மரம் அடியிலிருந்து உறிஞ்சிக்கொண்டே இருந்திருக்கிறது. மரம் நெடுக்குவாக்கில் நீரை இழுக்கும் வேகம் மற்ற எந்தப் பக்கத்தையும்விட அதிகம். அறுத்த முனையில்தான் அதன் நுண்குழாய்கள் அனைத்தும் திறந்திருக்கின்றன. ஈரமான மரத்துக்குக் கரையான் வருவதற்கு அழைப்பு தேவையில்லை.

ஆகவே புதிதாக எதைச் செய்தாலும் இரண்டு விஷயங்களில் விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவு செய்தோம். நிலையின் கால் தண்ணீரில் நிற்கக் கூடாது. அறுத்த முனை எதுவும் பூச்சில்லாமல் இருக்கக் கூடாது.

பிறகுதான் மரப்பேச்சு. என் கணவருக்கு ஸ்டீல் கதவு வாங்கிவிடலாம் என்று ஓர் எண்ணம் இருந்தது. மரக்கோடு அச்சிட்ட ஸ்டீல் கதவுகள் நிலையோடு சேர்ந்தே வருகின்றன, ஒரே நாளில் பொருத்திவிடலாம், கரையான் பயம் இல்லை. உள்நாட்டு ஊர்களில் நல்ல தேர்வாக இருக்கலாம். ஆனால் கடற்கரையிலிருந்து இவ்வளவு பக்கத்தில், ஒரு கீறல் விழுந்தாலும் அங்கிருந்து துரு பரவும் என்பது எங்கள் தெருக் கேட்டுகளைப் பார்த்தாலே தெரியும். மேலே அழகான தேக்குத் தோல் ஒட்டிய ஃப்ளஷ் கதவுகளையும் பார்த்தோம். அவை வீட்டுக்குள் அறைகளுக்கு நன்றாக இருக்கும். சாரலும் வெயிலும் மாறி மாறிப் படும் இடத்தில் அந்த மெல்லிய தோல் விளிம்பிலிருந்து உரியும். குளியலறைக்கு ஏற்ற பிளாஸ்டிக் கலந்த பலகைக் கதவுகளைத் தலைவாசலுக்கு வைக்க அத்தை சம்மதிக்கவில்லை. எனக்கும் மனம் வரவில்லை.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் விற்கும் பழைய செட்டிநாட்டுக் கதவு ஒன்றை வாங்கலாமா என்றும் யோசித்தோம். நகரத்தார் பர்மாவிலிருந்து கொண்டுவந்த அந்தத் தேக்கு பல பத்தாண்டுகளாக உலர்ந்து உறுதிப்பட்டது. இன்று மரவாடியில் அப்படிக் கிடைக்காது. ஆனால் அந்தக் கதவுகள் அவற்றின் நிலைக்கும், அந்த வீட்டு வாசல் அளவுக்கும் பிறந்தவை. நம் திறப்புக்குப் பொருத்த வேண்டுமானால் செதுக்கிய நிலையை அறுக்க வேண்டும், அல்லது சுவரை இடிக்க வேண்டும். புதிதாக வீடு கட்டுபவர்கள் முதலில் கதவை வாங்கிவிட்டு அதற்கேற்பச் சுவரை எழுப்பலாம். எங்களுக்கு அந்த வழி இல்லை.

கடைசியில் நிலைக்கும் கதவின் சட்டங்களுக்கும் தேக்கு, நடுப் பலகைகளுக்குப் பண்ருட்டிப் பலா என்று முடிவானது. இந்த யோசனை ஆசாரியுடையது. பலாவின் வைரத்தை, அதாவது மரத்தின் கெட்டியான உட்பகுதியை, கரையான் எளிதில் தொடாது. அறுத்த புதிதில் மஞ்சளாக இருந்து, வெயில் பட்டு நாளடைவில் தேன் நிறத்துக்கும் பிறகு பழுப்புக்கும் போகும். தேக்கைவிட விலை குறைவு. எங்கள் மாவட்டத்திலேயே விளைகிற மரத்தை விட்டுவிட்டு எங்கிருந்தோ கப்பலில் வரும் கட்டையைத் தேடுவானேன்? வேங்கையும் சொன்னார்கள். உறுதியான மரம்தான், ஆனால் ஈரம் பட்டால் சாயம் இறங்கும். வெள்ளைச் சுவருக்குப் பக்கத்தில் வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

மரவாடிக்கு ஆசாரியை அழைத்துக்கொண்டு போனது நல்லதாயிற்று. அவர் பலகையின் முகத்தைப் பார்க்கவே இல்லை, முனையைத்தான் பார்த்தார். அறுத்த முனையில் வளையங்கள் நெருக்கமாக இருக்கின்றனவா, ஓரத்தில் வெளிறிய பட்டை ஓடுகிறதா, நடுவிலிருந்து வெடிப்பு கிளம்புகிறதா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். அந்த வெளிறிய பகுதியை ஆசாரிமார் 'வெள்ளை' என்கிறார்கள். தேக்கின் புகழெல்லாம் உள்ளே இருக்கும் வைரத்துக்கு உரியது. அதிலுள்ள எண்ணெய்ப் பொருள்கள்தான் கரையானை விரட்டுகின்றன. வெள்ளை, தேக்காகவே இருந்தாலும், கரையானுக்குச் சாப்பாடு. சில இடங்களில் வெள்ளையின் மேல் சாயம் தடவி வைத்திருப்பார்கள். ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தாலோ, ஒரு மூலையில் இழைப்புளியால் ஒரு சீவல் எடுத்தாலோ உண்மை வெளிப்படும். சீவல் எடுக்க அனுமதிக்காத கடையில் நாங்கள் மேற்கொண்டு பேசவில்லை. நல்ல தேக்கின் புதுச் சீவலைத் தேய்த்து முகர்ந்தால் தோல் பொருளின் மணம் போல ஒன்று வரும். விரலில் லேசான எண்ணெய்ப் பசை ஒட்டும்.

ஈரத்தை அளக்க ஊசி வைத்த சிறு கருவி ஒன்று இருக்கிறது. மரவாடிக்காரரிடமே கேளுங்கள், பல கடைகளில் வைத்திருக்கிறார்கள். கதவு வேலைக்கு 12 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். எங்களைப் போன்ற கடலோர ஊரில் 14 வரை ஏற்கலாம். 20 காட்டும் மரத்தில் செய்த கதவு, வீட்டுக்கு வந்தபின் சுருங்கி, முறுக்கிக்கொண்டு, பலகைகளுக்கு நடுவே வெளிச்சம் காட்டும். எந்த நாட்டுத் தேக்கு என்பதைவிட எவ்வளவு காய்ந்த தேக்கு என்பதற்கே நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன்.

கணக்கையும் தெரிந்துகொண்டு போவது நல்லது. நீளத்தை அடியிலும், அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும் பெருக்கி 144ஆல் வகுத்தால் கன அடி. எங்கள் நிலையின் குறுக்களவு 5க்கு 3 அங்குலம். ஏழேகால் அடியில் இரண்டு கால்கள், நான்கு அடியில் மேல்சட்டம், நான்கு அடியில் படி: மொத்தம் 22.5 அடி. 22.5ஐ 5ஆலும் 3ஆலும் பெருக்கி 144ஆல் வகுத்தால் 2.34 கன அடி. அறுவையிலும் இழைப்பிலும் போகும் கழிவுக்குக் கூடுதலாக வாங்க வேண்டியிருக்கும். இழைத்தபின் வரும் அளவுக்கு விலையா, அறுத்த அளவுக்கு விலையா என்பதை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

பழையது இரட்டைக் கதவு. புதியதை ஒற்றைக் கதவாக மாற்றினோம். இரட்டைக் கதவின் நடு இணைப்பு வழியாகச் சாரல் உள்ளே வரும் என்பது ஒரு காரணம். இன்னொன்று அத்தை. தடியூன்றி நடப்பவர் ஒரு கையால் இரண்டு கதவுகளைத் திறக்க வேண்டியிருந்தது.

அத்தைக்கும் ஆசாரிக்கும் படியைப் பற்றிப் பெரிய வாதம் நடந்தது. படியை முழுவதும் எடுத்துவிட்டு வெறும் கருங்கல் பலகை போட்டால் மரம் நனையாது, கால் தடுக்காது என்பது ஆசாரியின் வாதம். "படி இல்லாத வாசலில் மஞ்சளை எங்கே பூசுவது? தண்ணீரும் பூச்சியும் உள்ளே வராமலிருக்கத்தானே படி வைத்தார்கள்?" என்பது அத்தையின் வாதம். இரண்டிலும் நியாயம் இருந்தது. இருவருக்கும் பொதுவாக வந்த தீர்வு இதுதான்: வாசலில் தரைக்கு மேல் முக்கால் அங்குலம் உயரும்படி ஒரு கருங்கல் பலகை, வெளிப்பக்கம் நீர் வழிய லேசான சரிவுடன். நிலையின் கால்களும் மரப்படியும் அந்தக் கல்லின்மேல்தான் நிற்கின்றன. மண்ணையோ சிமெண்டையோ தொடவில்லை. படியின் விளிம்புகள் இரண்டும் மழுக்கப்பட்டவை. அத்தை அதில் மஞ்சளும் குங்குமமும் வைக்கிறார். வாசல் தெளிக்கும் தண்ணீர் கல்லின் சரிவில் வெளியே போய்விடுகிறது.

பழைய நிலையை எடுக்கும் முன் அதன்மேல் லிண்டல், அதாவது மேலே உள்ள சுவரின் பாரத்தைத் தாங்கும் உத்தரம், இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வீடுகள் சிலவற்றில் மேல்சட்டமே செங்கல்லைத் தாங்கிக்கொண்டிருக்கும். அப்படியானால் முட்டுக் கொடுக்காமல் கை வைக்கக் கூடாது. எங்களுக்கு லிண்டல் இருந்தது. கால்களை நடுவில் அறுத்து, துண்டு துண்டாக நெம்பி எடுத்தார்கள். மேல்சட்டத்தின் முனைகள் இரண்டும் சுவருக்குள் நீண்டிருந்ததால் அந்த இடங்களில் மட்டும் செங்கல்லை உடைக்க வேண்டியிருந்தது.

நிலை வெளியே வந்து, புதியது உள்ளே போகாமல் இருக்கும் அந்த இடைவெளிதான் கரையான் மருந்துக்குச் சரியான நேரம். சுவரும் தரையும் சேரும் கோட்டில் ஓர் அடிக்கு ஒன்றாக 12 மில்லிமீட்டர் துளைகள் போட்டு, மருந்தைச் செலுத்தி, துளைகளைச் சிமெண்டால் அடைத்தார்கள். கரையான் நிலையில் பிறப்பதில்லை. மண்ணிலிருந்து சுவர் வழியே வருகிறது. அதன் பாதையை விட்டுவிட்டு மரத்தை மட்டும் மாற்றினால் செலவு திரும்பவும் வரும்.

புதிய நிலையின் சுவரில் மறையும் பக்கங்களுக்கும், கால்களின் அடி முனைகளுக்கும் ஆசாரி பூசியது முந்திரிக்கொட்டை எண்ணெய். பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் இடங்களில் கிடைப்பது. கருப்பாக, கெட்டியாக, காரமான நெடியோடு இருக்கும். எங்கள் பகுதியில் உத்தரக் கட்டைகளுக்கும் வேலிக்கால்களுக்கும் இதைத் தடவும் வழக்கம் நெடுநாளாக உண்டு. அடி முனையை அவர் பூசிய விதம் மனதில் நின்றுவிட்டது. காலை அகலமான தகர டப்பாவில் எண்ணெய் ஊற்றி அதில் நிறுத்தி வைத்தார். மரம் தானே உறிஞ்சட்டும் என்று. எந்த வழியாக மரம் நீரைக் குடித்துக் கெட்டதோ, அதே வழியில் எண்ணெயைக் குடிக்க வைத்தார். கையுறை இல்லாமல் இதைத் தொடாதீர்கள், தோல் பொத்துப்போகும். குழந்தைகளை அந்தப் பக்கம் விடவே கூடாது.

வாசக்கால் வைத்தது மாசியில். நல்ல நேரம் பார்த்து, மாவிலை கட்டி, அத்தை கையால் பூசை நடந்தது. மாசியைத் தேர்ந்ததற்கு எனக்கு வேறொரு காரணமும் இருந்தது. மழை முடிந்து சுவர் காய்ந்திருக்கும், கோடை உச்சமும் வந்திருக்காது. மழைக்காலத்தில் ஊதிய மரத்தை அளந்து பொருத்தினால் கோடையில் சந்து விழும். அக்னி நட்சத்திரத்தில் பொருத்தினால் ஐப்பசியில் இறுகும். மாசியிலும் இடைவெளியை ஐப்பசியை நினைத்துத்தான் விட வேண்டும் என்றார் ஆசாரி. பக்கங்களில் 3 மில்லிமீட்டர், பூட்டுப் பக்கம் அதைவிடச் சற்றுக் கூடுதல்.

நிலையை நிறுத்தும்போது ரசமட்டம், தூக்குக்குண்டு இரண்டையும் கேளுங்கள். இரு கால்களும் நேராக இருப்பது மட்டும் போதாது. எதிரெதிர் மூலைகளை நாடா வைத்து அளந்தால் இரு அளவுகளும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு காலின் மேல்முனை முன்னும், மற்றொரு காலின் மேல்முனை பின்னும் சாய்ந்திருந்தால் எவ்வளவு நல்ல கதவும் ஒரு மூலையில் ஒட்டாது. இரு கால்களுக்கும் நடுவே குறுக்கே ரீப்பர் கட்டைகள் அடித்து, சிமெண்டு நன்றாக இறுகும்வரை அவற்றைக் கழற்ற விடவில்லை. சுவரின் ஈரம் வற்றியபிறகுதான் கதவை மாட்டினோம். இந்தக் காத்திருப்பு பலருக்குப் பிடிக்காது. அதுவரை வெளிக் கிரில் கேட்டைப் பூட்டிக்கொண்டு, பழைய கதவையே கட்டி வைத்துச் சமாளித்தோம்.

கதவு தச்சுப்பட்டறையில் தயாரானது. முழுக் கதவிலும் கஜலட்சுமி செதுக்க வேண்டும் என்று உறவினர்கள் சொன்னார்கள். மேல் பலகையில் மட்டும் ஒரு சிறு தாமரை போதும் என்று நான் நின்றேன். செதுக்கலின் பள்ளங்களில் உப்பும் தூசியும் நீரும் தங்கும், நம் வாசலோ நேரடியாக மழை வாங்குவது. செதுக்கு வேலைக்குச் சொன்ன தொகையில் நல்ல கீல், பூட்டு, பூச்சு எல்லாமே முடிந்தன.

பலகைகளைச் சட்டத்தின் உள்விளிம்பில் ஓடும் பள்ளத்தில் (காடியில்) செருகி மட்டும் விட வேண்டும். பசை போடவோ ஆணி அடிக்கவோ கூடாது. அவை மழையில் விரியவும் வெயிலில் சுருங்கவும் இடம் வேண்டும். ஆணி அடித்த பலகைதான் நடுவில் பிளக்கும். வெளிப்பக்கத்தின் கீழ்ச்சட்டத்தில் குறுக்கே ஒரு சரிந்த பட்டி வைத்தார்கள். அதன் அடிப்புறத்தில், விளிம்பிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, பென்சில் கனத்துக்கு ஒரு பள்ளக்கோடு ஓடுகிறது. கதவில் வழியும் மழைநீர் பட்டியின் முனைக்கு வந்து, அடிப்புறமாக ஊர்ந்து உள்ளே போகப் பார்க்கும். அந்தப் பள்ளம் வந்ததும் தாண்ட முடியாமல் சொட்டிவிடும். பெரிய செலவு இல்லாத வேலை, ஆனால் நாம் கேட்டால்தான் செய்வார்கள்.

கீல்கள் 5 அங்குலப் பித்தளை, நான்கு. கதவு 40 கிலோவுக்கு மேல் இருப்பதால் மூன்று போதாது என்றார்கள். திருகாணிகளும் பித்தளையாகவே இருக்கட்டும். பித்தளைக் கீலில் இரும்புத் திருகாணி போட்டால் கடலோரத்தில் முதலில் போவது திருகாணிதான், தேக்கிலும் கறுப்புக் கறை விழும். சட்டத்துக்குள் பதியும் பூட்டு வைப்பதாக இருந்தால் நடுக்குறுக்குச் சட்டம் வந்து சேரும் இடத்தைத் தவிருங்கள். அங்கே குடைந்தால் இணைப்பின் நாக்கையே அறுத்ததாகும். எங்கள் பூட்டு, உள்ளே சாவி இருந்தாலும் வெளியிலிருந்து மற்றொரு சாவியால் திறக்கக்கூடிய வகை. அத்தை பகலில் தனியாக இருக்கிறார். அவர் மயங்கி விழுந்தால் கதவை உடைக்கும் நிலை வரக் கூடாது. அதே காரணத்தால் கீழ்த் தாழ்ப்பாளே வைக்கவில்லை. மேல் தாழ்ப்பாள் இரவில் நாங்கள் இருக்கும்போது மட்டும்.

பூச்சைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கதவுக்கு ஆறு பக்கம். மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் யார் கண்ணிலும் படுவதில்லை; மாட்டியபிறகு கீழ் விளிம்புக்குத் தூரிகை போகவும் முடியாது. ஆகவே மாட்டிப் பார்த்து, இழைத்துச் சரிசெய்து, மறுபடி கழற்றி, ஆறு பக்கமும் பூசி, பிறகு மாட்டச் சொல்லுங்கள். பெயிண்டர் முனகுவார். கூடுதலாக ஒரு நாள் கூலி கொடுத்தாவது செய்யுங்கள். வீட்டுக்குள் போடும் மெலமைன் பூச்சு வெளிக்கதவுக்கு ஆகாது. வெயிலில் வெடித்துச் செதிலாக உரியும். வெளிப்புறத்துக்கு என்றே, புறஊதாக் கதிரைத் தாங்கும்படி வரும் பூச்சைக் கேட்டு வாங்குங்கள்.

முதல் ஐப்பசியில் தொடர்ந்து மழை பெய்தபோது பூட்டுப் பக்கம் கொஞ்சம் இறுகியது, ஆனால் தேய்க்கவில்லை. மேல் தாழ்ப்பாளின் துளையை மட்டும் அரத்தால் சற்று அகலப்படுத்தினோம். சாரல் உள்ளே வரவில்லை. வெளிப்பக்கக் கீழ்ப்பட்டியில் பூச்சு மங்கத் தொடங்கியிருக்கிறது. கிழக்கு வெயிலுக்கு அது எதிர்பார்த்ததுதான். இனி ஆண்டுதோறும் புரட்டாசியில், மழைக்கு முன், அந்தப் பட்டியையும் நிலைக்கால்களின் கீழ் ஓர் அடியையும் லேசாக உப்புத்தாளால் தேய்த்து ஒரு கை பூசிவிட வேண்டும் என்று ஆசாரி சொல்லியிருக்கிறார். கீல்களுக்கு எண்ணெயும் அப்போதே. மீதமிருந்த பூச்சை டப்பாவோடு மாடிப்படியின் கீழ் நிழலில் எடுத்து வைத்திருக்கிறேன், எந்த மாதம் திறந்தது என்று மேலே எழுதி.